கைரம்பத்துக்கு முட்டி உயரப் பெஞ்சு, பலகைக்குக் குதிரை: எதை முதலில் செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது. வாடகை வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு மூலை இருக்கிறது. கையில் ஒரு கைரம்பம், ஒரு சர்க்குலர் சா (வட்டப் பிளேடு சுழலும் மின்சார ரம்பம்). இப்போதைக்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் பலகையை வைத்து அறுக்கிறீர்கள். பலகை துள்ளுகிறது, கோடு விலகுகிறது, கொஞ்ச நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு ஜோடி மரக் குதிரை, அதாவது பலகையைத் தாங்கும் கால் வைத்த தாங்கி, செய்யப் போகிறீர்கள். உயரம் எவ்வளவு, என்ன மரம், ஆணி அடித்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். ஒருவர் 20 அங்குலம் என்கிறார், இன்னொருவர் 30 என்கிறார், யாரை நம்புவது என்பதும் கேள்வியில் இருக்கிறது. இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது இரண்டு வேறு சாமான்களைப் பற்றி. உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது, அறுக்கும்போது பலகையை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு வழி. அளவெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

நான் ஐ.டி.ஐ.யில் தச்சு படித்து, அப்புறம் கோவைப் பக்கம் மரச்சாமான் பட்டறைகளில் வேலை பார்த்து, இப்போது சொந்தமாகச் சின்னப் பட்டறை ஒன்று வைத்திருப்பவன். கைவேலையில்தான் பழக்கம் அதிகம். மெஷின் வேலையைப் பற்றிச் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டி உயரத்தில் இருக்கும் அறுப்புப் பெஞ்சு வேறு, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் குதிரை வேறு. பெஞ்சின் மேல் பலகையை வைத்து, பலகையின் மேல் நீங்கள் முட்டி போடுகிறீர்கள். உங்கள் எடைதான் அங்கே கிளாம்ப், அதாவது இறுக்கிப் பிடிக்கும் கருவி. குதிரை அப்படி இல்லை. அது பலகையைத் தாங்கும், அவ்வளவுதான். அதன் மேல் வைத்துக் கைரம்பத்தால் அறுத்தால், இடது கையால் எவ்வளவு அழுத்தினாலும் ஒவ்வொரு தள்ளலுக்கும் பலகை நகரும். அதைப் பிடிக்க நீங்கள் குனிவீர்கள், இடுப்பு போகும். உங்கள் ஸ்டூல் பெரும்பாலும் 17, 18 அங்குலம் இருக்கும். உயரம் ஏறக்குறைய சரிதான். ஆனால் எடை இல்லை, கால் நெளிகிறது, மேல்பக்கம் வழுக்குகிறது. முட்டியை ஊன்றப் பயமாக இருப்பதால் கையை ஊன்றுகிறீர்கள். அதனால் முதலில் பெஞ்சு இரண்டு செய்யுங்கள், குதிரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் பழைய ஆசாரிமார் பலர் இந்த இரண்டும் இல்லாமலே வேலை செய்தவர்கள். தரையில் குத்தவைத்து, பாதத்தால் பலகையை மிதித்துக்கொண்டு, கதவு நிலை வரைக்கும் செய்துவிடுவார்கள். அந்த இடுப்பும் கணுக்காலும் இருந்தால் எந்தப் பெஞ்சும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்களுக்கு அது வராது. முட்டி உயரப் பெஞ்சு யூடியூப் கொண்டு வந்த புதுச் சமாசாரமும் இல்லை. ஜெர்மனியில் சால்பர்க் என்ற இடத்து ரோமானியக் கோட்டையின் கிணற்றிலிருந்து எடுத்த தாழ்ந்த மரவேலைப் பெஞ்சு, கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது.

உயரத்துக்கு வருகிறேன். வேலை செய்யும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். தரையிலிருந்து முழங்கால் சில்லின் அடிப்பக்கம் வரை எவ்வளவு என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அதுதான் பெஞ்சின் உயரம். ஐந்தரை அடி ஆளுக்கு 18 அங்குலத்தை ஒட்டி வரும், ஆறடி ஆளுக்கு 20. வெளிநாட்டு வரைபடங்களில் பார்க்கிற 20, 21 எல்லாம் அவர்கள் காலுக்கு. பெஞ்சு அதிக உயரமாக இருந்தால் முட்டியைத் தூக்கி வைக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும், எடை பலகையில் இறங்காது. ரொம்பத் தாழ்ந்தால் முதுகு வளையும். சந்தேகமாக இருந்தால் அரை அங்குலம் கூட்டியே செய்யுங்கள். காலை அறுத்துக் குறைப்பது கால் மணி நேர வேலை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ரம்பத்தின் நீளம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. குறுக்கே அறுக்கும்போது ரம்பத்தைச் சுமார் 45 டிகிரி சாய்த்துப் பிடிப்போம், நீளவாக்கில் கிழிக்கும்போது 60 டிகிரிக்கு நிமிர்த்துவோம். 18 அங்குலப் பெஞ்சில் 1 அங்குலப் பலகையை வைத்து 60 டிகிரியில் கிழித்தால், ரம்பம் 22 அங்குலம் இறங்கியதுமே நுனி தரையில் இடிக்கும். 26 அங்குல ரம்பத்தை வாங்கி அந்தப் பெஞ்சில் கிழித்தால் ஒன்று நுனி வளையும், இல்லாவிட்டால் கை பாதியிலேயே நிற்கும். குறுக்கு அறுப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. 45 டிகிரியில் 26 அங்குலமும் தாராளமாகப் போகும். 18 அங்குலப் பெஞ்சுக்கு 20 அல்லது 22 அங்குல ரம்பம் எடுத்தால் இரண்டு வேலைக்கும் ஆகும். இன்னொன்று, உங்கள் ரம்பத்தின் பல் நுனி மட்டும் கறுநீலமாக இருந்தால் அது சூடேற்றிக் கெட்டியாக்கிய பல். அரம் போட்டுத் தீட்ட முடியாது, மழுங்கினால் மாற்ற வேண்டியதுதான். மழுங்கின ரம்பத்தோடு எந்தப் பெஞ்சும் இடுப்பு வலியைத் தீர்க்காது.

அறுக்கும்போது எப்படி நிற்பது என்று தெரிந்தால்தான் பெஞ்சின் வடிவம் புரியும். வலது கைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பலகையைப் பெஞ்சின் மேல் நீளவாக்கில் கிடத்தி, அறுப்புக் கோடு பெஞ்சின் வலது நுனிக்கு வெளியே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி இருக்கும்படி வையுங்கள். இடது முட்டி பலகையின் மேல். வலது கால் தரையில், பெஞ்சை ஒட்டி நின்று, பலகை திரும்பிவிடாமல் தொடையால் அணைத்துக்கொள்ள வேண்டும். இடது கை பலகையின் மேல், கோட்டுக்குத் தள்ளி. ரம்பம், முழங்கை, தோள் மூன்றும் ஒரே நேரில் முன்னும் பின்னும் போக வேண்டும். தலையைக் கோட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்தால் அலகின் இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் ரம்பம் சாய்ந்திருக்கிறது. கடைசி ஓர் அங்குலத்தில் இடது கையைக் கொண்டுவந்து, விழப்போகும் துண்டைத் தாங்கிக்கொண்டு மெதுவாக முடியுங்கள். இல்லாவிட்டால் துண்டு தன் எடையில் முறிந்து, அடியில் நீளமாகச் சிலாம்பு கிழித்துக்கொண்டு போகும்.

இப்போது பெஞ்சு. மேல் பலகை 8 அங்குல அகலம், 36 அங்குல நீளம், ஒன்றரை அங்குலக் கனம். மாடி மூலை சின்னதாக இருந்தால் நீளம் 30க்கு இறக்கலாம். அகலத்தை ஆறுக்குக் கீழே கொண்டுபோனால் முட்டி வலிக்கும். பத்துக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடியாது. உளி வேலைக்கு அப்படி உட்கார்வது ரொம்ப வசதி. 8 அங்குலத்தில் ஒரே பலகை கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். நாலு அங்குலப் பலகை இரண்டை நடுவில் முக்கால் அங்குலம் இடைவெளி விட்டு வையுங்கள். அந்த இடைவெளிக்குள் கிளாம்பின் வாய் போகும், சின்னத் துண்டுகளை நீளவாக்கில் கிழிக்க ரம்பமும் போகும். எனக்கே இந்த இரட்டைப் பலகைதான் பிடித்தம். ஆனால் ஒற்றைப் பலகையை விட அது உறுதி என்று சொல்ல மாட்டேன்.

கால்கள் கீழே விரிய வேண்டும். எவ்வளவு என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. நான் வைப்பது ஆறுக்கு ஒன்று, அதாவது 6 அங்குலம் இறங்கினால் 1 அங்குலம் வெளியே. டிகிரிக் கணக்கில் ஒன்பதரை. 18 அங்குல உயரத்துக்கு ஒவ்வொரு காலும் 3 அங்குலம் வெளியே போகும், 8 அங்குலப் பலகைக்குக் கீழே பாதங்கள் 14 அங்குலத்துக்கு விரியும். அகலவாக்கில் இது கட்டாயம். நீளவாக்கிலும் விரித்தால் நல்லது, ஆனால் பாதம் பெஞ்சின் நுனியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீங்கள் ரம்பம் ஓட்டும் இடத்தில் கால் நீட்டிக்கொண்டு நிற்கும், ஒரு நாள் ரம்பம் அதைக் கடிக்கும், இன்னொரு நாள் உங்கள் கணுக்கால் அதில் இடிக்கும். காலின் வெளி விளிம்பை மேலே நுனியிலிருந்து 4 அங்குலம் உள்ளே வைத்து, 3 அங்குலம் விரித்தால், பாதம் நுனிக்கு ஓர் அங்குலம் உள்ளே நிற்கும். நுனியில் முட்டி போட்டாலும் பெஞ்சு மறுபக்கம் எழும்பாது.

முதல் பெஞ்சுக்கு நீளவாக்குச் சாய்வை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. இரண்டு பக்கமும் சாய்த்தால், காலும் பலகையும் சேரும் தோள் ஒவ்வொன்றிலும் இரண்டு சாய்வும் சேர்ந்த கூட்டுச் சாய்வு வரும். புதியவர் பாதிப் பேர் வேலையை நிறுத்தும் இடம் அதுதான். அகலவாக்கில் மட்டும் சாய்த்து, காலை நுனியிலிருந்து இரண்டரை மூன்று அங்குலம் மட்டும் உள்ளே வைத்தால் போதும். இன்னொரு வகை உண்டு. ஒரு பக்கக் கால்கள் நேராக, மறுபக்கம் மட்டும் சாய்வாக. நேர்ப் பக்கத்து விளிம்பை ஒட்டி நீளவாக்கில் கிழிக்கும்போது ரம்பம் காலில் படாது. பலகையைக் குத்தாக நிறுத்திக் காலோடு சேர்த்துக் கிளாம்ப் போடவும் செய்யலாம். கிழிப்பு வேலை அதிகம் என்றால் ஜோடியில் ஒன்றையாவது அப்படிச் செய்யுங்கள்.

ஆணி போதுமா என்று கேட்டீர்கள். எடை ஆணியில் நிற்கும்படி செய்தால் போதாது. மரத்தின் மேல் மரம் உட்கார்ந்து, ஆணியோ ஸ்க்ரூவோ அதை விலகாமல் மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். செய்முறை இதுதான். கால் 3 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். மேல் பலகையின் விளிம்பில் 3 அங்குல அகலத்துக்கு, முக்கால் அங்குல ஆழத்துக்குக் காடி, அதாவது பள்ளம், வெட்டுங்கள். காடியின் அடித்தளம் அந்த ஆறுக்கு ஒன்று சாய்வில் இருக்க வேண்டும். காடியின் இரண்டு ஓரத்தையும் ரம்பத்தால் அறுத்து, நடுவிலும் இரண்டு மூன்று அறுப்புப் போட்டு, உளியால் மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி என்று எடுங்கள். ஒரே பக்கத்திலிருந்து அடித்தால் மறுபக்கம் பிய்ந்துவிடும். காலின் தலையில் ஒன்றரை அங்குல உயரத்துக்குப் பாதிக் கனத்தை எடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது காடிக்குள் போகும், அடியில் தோள் ஒன்று உருவாகும். பலகை அந்தத் தோளின் மேல் உட்காரும். இவ்வளவு ஆனதும் ஃபெவிகால் தடவி, வெளியிலிருந்து இரண்டு ஸ்க்ரூ. கெட்டி மரமாக இருந்தால் முன்துளை போடாமல் ஸ்க்ரூவை ஏற்றாதீர்கள், ஒன்று மரம் பிளக்கும் அல்லது ஸ்க்ரூ தலை முறியும்.

ஜோடிக் கால்களைச் சேர்த்து, மேல் பலகைக்கு நேர் அடியில் ஒரு குறுக்குப் பலகையும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இன்னொன்றும் அடியுங்கள். மேலே உள்ளதுதான் பெஞ்சை ஆடாமல் வைக்கும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கீழ்க் குறுக்கின் மேல் நீளமாக ஒரு பலகை போட்டால் செங்கல்லோ கனமான சாமானோ வைத்து எடை கூட்டிக்கொள்ளலாம். எந்த இரும்பும் மேல் பலகைக்கு மேலே தலைகாட்டக் கூடாது. அறுக்கிற பெஞ்சில் ரம்பம் எப்போதாவது பலகையைத் தொடும், அங்கே இரும்பு இருந்தால் ஒரே இழுப்பில் பல் போகும். பழைய கதவு நிலைகளில் பார்த்திருப்பீர்கள், மூங்கில் முளை அடித்திருப்பார்கள். காய்ந்த மூங்கிலைச் சீவி, அளவாகத் துளை போட்டு அடித்தால் இந்த வேலைக்கு இன்றைக்கும் அது போதும். ரம்பம் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

மரம். இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: காய்ந்த மரமாக இருக்க வேண்டும். ஈர மரத்தில் கால் செய்தால் தலை சுருங்கிக் காடியில் ஆட ஆரம்பிக்கும், பசையும் சரியாகப் பிடிக்காது. எந்த மரம் என்பது அதற்கு அப்புறம்தான். கைக்கு லேசாகவும் வேலைக்குச் சுலபமாகவும் வேண்டுமென்றால் பைன். பேக்கிங் பெட்டி, பேலட் உடைத்து விற்கிற இடங்களில் மலிவாகக் கிடைக்கும். கப்பலில் வந்த மரத்தில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது. எச்.டி.யைத் தேடி எடுங்கள். உள்ளே உடைந்த ஆணி கட்டாயம் இருக்கும், அறுக்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் இன்னும் நல்லது, வீடு இடித்த மரம் விற்கிற கடை. பழைய ஓட்டு வீட்டுக் கைமரமும் சட்டமும் பல வருஷம் காய்ந்து, முறுக வேண்டியதெல்லாம் முறுகி முடித்திருக்கும். தேக்கே கிடைத்தாலும் ஆச்சரியம் இல்லை, ஆனால் பெஞ்சுக்கு அது வீண் ஆடம்பரம். வேம்பு கனம், பூச்சி அவ்வளவு சீக்கிரம் அண்டாது, ஆனால் இழையோட்டம் குறுக்கும் நெடுக்கும் போவதால் இழைப்புளி திணறும். மாமரமும் ரப்பர் மரமும் மலிவு. மருந்து ஏற்றாத சரக்காக இருந்தால் கொஞ்ச நாளில் மாவு கொட்ட ஆரம்பிக்கும், உளுத்த காலில் முட்டி போடுவது விளையாட்டில்லை. சவுக்குக் கம்பைக் காலாக வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சவுக்கு பிளக்கும், முறுகும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிளைவுட்டில் பெஞ்சு செய்தவர்களும் உண்டு, நன்றாகவே நிற்கிறது.

மரக்கடையில் கன அடிக் கணக்கில் கேட்பார்கள். நான் சொன்ன அளவில் ஒரு பெஞ்சுக்கு அரை கன அடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். சேதாரம் சேர்த்து முக்கால் என்று வைத்தால் ஜோடிக்கு ஒன்றரை கன அடி. பைனில் செய்தால் ஒரு பெஞ்சு 8 கிலோவை ஒட்டி வரும். தூக்கவும் முடியும், தள்ளினால் ஓடாத எடையும் இருக்கும்.

கால்களை முதலிலேயே சரியான நீளத்துக்கு அறுத்துவிடாதீர்கள். 18 அங்குல உயரத்துக்குச் சாய்வோடு சேர்த்துப் பதினெட்டேகால் அங்குலம்தான் கணக்கு வரும், நீங்கள் இருபதாக வெட்டி வையுங்கள். எல்லாவற்றையும் கோத்து முடித்த பிறகு மட்டம் பார்க்க வேண்டும். இங்கேதான் மொட்டை மாடி ஏமாற்றும். மழைத் தண்ணீர் ஓட மாடித் தரையில் வாட்டம் விட்டிருப்பார்கள். அந்தத் தரையில் வைத்து மட்டம் பார்த்தால் பெஞ்சு அந்த ஓர் இடத்தில் மட்டும் ஆடாமல் நிற்கும். ஒரு பழைய ஃப்ளஷ் கதவையோ தடித்த பிளைவுட்டையோ கீழே போட்டு, அது வளையாமல் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் பெஞ்சை நிறுத்தி, கால்களுக்கு அடியில் சின்ன ஆப்புகளைச் செருகி, மேல் பலகையின் நாலு மூலையும் கதவிலிருந்து ஒரே உயரம் வரும் வரை சரிசெய்யுங்கள். ரசமட்டம்கூட வேண்டாம், டேப் போதும். இப்போது மூலைகள் கதவிலிருந்து 19 அரை அங்குலத்தில் நிற்கின்றன, உங்களுக்கு வேண்டியது 18 என்றால், ஒன்றரை அங்குலம் போக வேண்டும். ஒன்றரை அங்குலக் கனமுள்ள ஒரு துண்டுக் கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையைக் கதவின் மேல் நகர்த்தி, ஒவ்வொரு காலைச் சுற்றியும் நாலு பக்கமும் கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் பாதத்தின் சாய்வும் தானாகவே சரியாக வந்துவிடும், டிகிரி எதுவும் பார்க்க வேண்டாம். பென்சில் நுனி தடிமனில் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) கூடலாம் குறையலாம், அது நாலு காலுக்கும் ஒரே அளவாக இருப்பதால் பாதகமில்லை.

இரண்டு பெஞ்சும் ஒரே உயரத்தில் இருப்பது முக்கியம். சொன்ன உயரத்தில் அரைக்கால் அங்குலம் தவறினால் பரவாயில்லை, ஒன்றுக்கொன்று தவறக் கூடாது. நீளப் பலகை இரண்டின் மேலும் கிடக்கும்போது ஒன்று தாழ்ந்தால் பலகை முறுகி அறுப்புத் தடம் மூடிக்கொண்டு ரம்பத்தைப் பிடிக்கும். நீளவாக்கில் கிழிக்கும்போது தடம் தானாக மூடிக்கொள்கிற மரமும் உண்டு, அதற்குத் தடத்தில் ஒரு சின்ன ஆப்பைச் செருகிக்கொள்ளலாம். பெஞ்சுக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், பலகை வழுக்கும். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கவும் வேண்டாம், இழைப்புளி ஒரு முறை ஓட்டியதோடு விட்டுவிடுங்கள். பாதங்களின் வெட்டு முகம் மட்டும் தண்ணீரை உறிஞ்சும். மாடியில் மழைச் சாரல் படும் என்பதால் அங்கே பெயிண்ட் இரண்டு மூன்று கோட் கொடுங்கள். பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒட்டினால் வழுக்காது, கீழ் வீட்டுக்காரர் சத்தம் என்று மேலே வரவும் மாட்டார்.

இனி குதிரை. பெஞ்சு இருக்கும்போது குதிரையின் வேலை மேசையாக நிற்பதும் பிளைவுட்டைத் தாங்குவதும்தான். மேலே ஒரு பழைய கதவைப் போட்டால் மேசை. சாதாரண மேசை உயரம் 30 அங்குலம் என்றால், கதவின் கனம் போக, குதிரை 28 அரையிலிருந்து 29. அலமாரி மாதிரி உயரமான சாமான் கோப்பதாக இருந்தால் 24 போதும், இல்லாவிட்டால் மேல் தட்டு உங்கள் முகத்துக்கு மேலே போய்விடும். இதில் சாய்வே வேண்டாம். தரையில் படுக்கும் ஒரு பாதக் கட்டை, அதிலிருந்து நேராக எழும் ஒரு தூண், அதே மாதிரி இன்னொன்று, இரண்டையும் சேர்த்து மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். எல்லாம் மூலைமட்டத்துக்கு நேர் வெட்டு, துளையும் கழுந்தும் (துளைக்குள் நுழையும் நாக்கு) பழக நல்ல வாய்ப்பு. கீழ்ச் சட்டத்தின் கழுந்தைத் தூணுக்கு வெளியே நீட்டி ஆப்பு அடித்து நிறுத்தினால், ஆடும்போது ஆப்பை ஒரு தட்டுத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். வீடு மாறும்போது கழற்றிக் கட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால், மேல் சட்டத்துக்கும் பசை போடாமல் தூணின் தலையில் காடி வெட்டி உட்கார வையுங்கள். கீல் வைத்து மடிக்கிற குதிரையும் கடையில் கிடைக்கிற மடக்கு ஸ்டாண்டும் பிளைவுட் தாங்கத் தாராளம். கைரம்பத்துக்கு ஆகாது, தள்ளினால் கூடவே வரும். கதவு மேசையில் இழைப்பு வேலையும் செய்யாதீர்கள், அந்தத் தள்ளுக்கு அது நிற்காது.

சர்க்குலர் சா வைத்திருக்கிறீர்கள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எட்டுக்கு நாலு, 18 எம்.எம். பிளைவுட் ஒன்று சுமார் 35 கிலோ. அதை இரண்டு குதிரையின் மேல் வைத்து நடுவில் குறுக்கே அறுத்தால், அறுப்பு முடியும் தறுவாயில் இரண்டு பாதியும் உள்பக்கமாக மடியும். தடம் மூடி பிளேடைக் கவ்வும், மெஷின் உங்களை நோக்கி எகிறும். இதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. குதிரைகளின் மேல் நீளவாக்கில் நாலு ரீப்பரை (மெல்லிய நீளச் சட்டம்) பரப்பி, அதன் மேல் பிளைவுட்டை வைத்து, பிளேடு பிளைவுட்டுக்கு அடியில் 3 எம்.எம். மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஆழத்தை வைத்து அறுங்கள். ரீப்பரில் கீறல் விழும், விழட்டும். அறுத்த பிறகும் இரண்டு பாதியும் அதே இடத்தில் படுத்திருக்கும். நீளவாக்கில் அறுப்பதாக இருந்தால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ரீப்பர் வரும்படி தள்ளி வையுங்கள். இடம் இல்லாவிட்டால் தரையிலேயே தடித்த தெர்மோகோல் ஷீட்டை விரித்து அதன் மேல் போட்டு அறுக்கலாம். குனிய வேண்டியிருக்கும், ஆனால் எதுவும் மடியாது.

உங்களுக்கு முட்டியிலேயே வலியோ பழைய அடியோ இருந்தால் நான் சொன்ன உயரக் கணக்கு உதவாது. அப்போது முட்டிக்குப் பதில் கிளாம்ப் போட்டு, பெஞ்சை 24 அங்குலத்துக்கு உயர்த்தி, நின்றபடி அறுக்கலாம். வேகம் குறையும், வேலை நடக்கும்.

கடைசியாக, பெஞ்சு செய்ய மரத்தை எதன் மேல் வைத்து அறுப்பது என்ற கேள்வி வரும். மாடிப்படி இருக்கிறதே. படி ஒன்று 6 அங்குலம் என்றால் மூன்றாவது படி 18. பலகையை அந்தப் படியில் நீளவாக்கில் வைத்து, அறுப்புக் கோடு பக்கவாட்டில் படிக்கு வெளியே வரும்படி தள்ளி, மேலே முட்டி போட்டு அறுங்கள். அடியில் ஒரு சாக்கு போட்டால் வழுக்காது. பக்கவாட்டில் கைப்பிடிச் சுவர் வைத்த படியாக இருந்தால் இது நடக்காது, திண்ணையோ வாசல் மேடையோ பாருங்கள். முதல் பெஞ்சின் எல்லாத் துண்டையும் இப்படி அறுத்துவிடலாம். காடி வெட்ட பலகையைத் தரையில் வைத்து மிதித்துக்கொண்டால் போதும். இரண்டாவது பெஞ்சை முதல் பெஞ்சின் மேல் வைத்து அறுங்கள். உயரம் ஏதாவது இடிக்கிறது என்று தோன்றினால், இரண்டாவதின் காலை அறுக்கும் முன் முதலாவதைக் குறைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் இரண்டாவதையும் அதே உயரத்துக்குக் கோடு போடலாம்.